நெல்சனின் இடது கை நகத்தை வெட்டியது யார்?

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துல ஒரு தூண் இருக்கு. 1840-களில் கட்டினது, சுமார் 52 மீட்டர் உயரம். கீழே நாலு சிங்கம், உச்சியில ஹொரேஷியோ நெல்சன். அண்ணாந்து பார்த்தா கழுத்து சுளுக்கிக்கும். அவ்வளவு உயரத்துல நிக்கறதால பல பேர் கவனிக்காத சங்கதி ஒண்ணு உண்டு. சிலையோட வலது சட்டைக்கை காலி. அதை மடிச்சு மார்புல சேர்த்துக் குத்தியிருக்கும்.

அந்தக் கை போன கதை எல்லா வரலாற்றுப் புத்தகத்துலயும் இருக்கு. பெரும்பாலும் ரெண்டே ரெண்டு வாக்கியம்தான். 1797 ஜூலையில் டெனரீஃப் தீவுச் சண்டையில் வலது கையை இழந்தார். 1798 ஏப்ரலில் மறுபடி கப்பலேறினார். அவ்வளவுதான். அடுத்து நைல் நதிப் போர், பீரங்கி, புகை, வெற்றி.

எனக்கு சண்டையில பெரிய ஈடுபாடு கிடையாது. அந்த முதல் வாக்கியத்தோட முற்றுப்புள்ளிக்கும் ரெண்டாவது வாக்கியத்தோட முதல் எழுத்துக்கும் நடுவுல எட்டரை மாசம் ஓடியிருக்கே, அது மேலதான் கண்ணு. அந்த எட்டரை மாசம் அவருக்கு சட்டைப் பொத்தான் போட்டது யார்? தலை வாரினது யார்? காயத்தைக் கழுவினது யார்? தலைப்புல இருக்கற கேள்வியும் விளையாட்டுக் கேள்வி இல்லை மக்களே. வலது கை போனவனால வலது கை நகத்தை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆனா இடது கை நகத்தை அவனால வெட்டவே முடியாது. நல்லா இருக்கற கைதான் அடுத்தவர் தயவை எதிர்பார்த்துக் கிடக்கும்.

இந்த மாதிரி அதிபுத்திசாலித்தனமான கேள்வி எனக்கு சும்மா உட்கார்ந்து தோணலை. போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சு ஏழு வாரம் மாவுக்கட்டோட இருந்தேன். பொட்டி தட்டற வேலை, அதனால ஆபீஸ் பிரச்சினையை இடது கையில ஒத்தை விரலால சமாளிச்சாச்சு. வீட்டுப் பிரச்சினையை அப்படி சமாளிக்க முடியலை. பேஸ்ட் மூடி, ஜீன்ஸ் பொத்தான், முதுகுல சோப்பு, முகச்சவரம், எல்லாத்துக்கும் தங்கமணிதான். "வாயைக் கொஞ்சம் மூடிட்டு ஆடாம இருங்க"ன்னு சொல்லிக்கிட்டே மேலுதட்டுல ரேசரை வெக்கறப்போ எந்த வீரனும் அடங்கித்தான் போவான் :-) பொழுது போகாம அந்த ஏழு வாரத்துல படிச்சதுதான் நெல்சன் வாழ்க்கை வரலாறு. படிக்கப் படிக்க கடற்படைத் தளபதி பின்னாடி போயிட்டார். அவர் மனைவி ஃபேனி முன்னாடி வந்துட்டாங்க.

முதல்ல ஃபேனி யாருன்னு பார்த்துடலாம். முழுப் பெயர் ஃபிரான்சஸ். கரீபியன் கடலில் இருக்கும் நெவிஸ் தீவில் பிறந்தவர். முதல் கணவர் ஜோசையா நிஸ்பெட் ஒரு மருத்துவர். 1781-ல் உடல்நலம் கெட்டு இறந்துபோனார். கையில ஒரு வயசுப் பையன். அவனுக்கும் ஜோசையான்னுதான் பெயர். அந்தத் தீவுப் பக்கம் கடற்படை வேலையாக வந்த நெல்சன், 1787 மார்ச்சில் நெவிஸ் தீவிலேயே அவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பெண்ணைக் கைப்பிடிச்சுக் கொடுத்தது பின்னாளில் நாலாம் வில்லியம் மன்னராகப் போகிற இளவரசர். அப்புறம் இங்கிலாந்தில் நார்ஃபோக் கிராமத்து வீட்டில் வேலையில்லாமல் அஞ்சு வருஷம். 1793-ல் பிரான்சோடு போர் வந்ததும் நெல்சன் கப்பலேறினார். போகும்போது மகன் ஜோசையாவையும் கூட்டிக்கிட்டுப் போனார். ஃபேனி, மாமனார் எட்மண்டுக்குத் துணையாக வீட்டில்.

அடுத்த நாலு வருஷத்துக்கு மேல் கடிதம் மட்டும்தான். 1794-ல் கோர்சிகா தீவில் நெல்சனோட வலது கண் பார்வை போச்சு. 1797 ஜூலையில் டெனரீஃப்.

ஜூலை 24 இரவு. சாண்டா குரூஸ் துறைமுகத்தைப் படகில் போய்த் தாக்கறதா திட்டம். திட்டம் மோசம்னு நெல்சனுக்கே தெரிஞ்சிருந்தது. ஜோசையாவை, "நீ வராதே, ரெண்டு பேரும் செத்தா உங்கம்மா கதி என்ன"ங்கற அர்த்தத்துல தடுத்துப் பார்த்தார். பையன் கேட்கலை. கரையில் கால் வைக்கிற நேரத்துல நெல்சனுக்கு வலது முழங்கைக்கு மேல் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியது. ரத்தம் பீறிட்டு அடிக்க, 17 வயசு ஜோசையா கழுத்துத் துணியை உருவி மேல்கையில் இறுக்கிக் கட்டி, படகைத் திருப்பிக் கப்பல் பக்கம் கொண்டுவந்து சேர்த்தான். அந்தக் கட்டு இல்லைன்னா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். மனைவி கையால் கட்டு மாறுவதற்கு முன்னாடி அவள் மகன் கையால் கட்டு.

இருட்டில் படகு முதலில் நெருங்கியது சீஹார்ஸ் என்ற கப்பலை. நெல்சன் அதில் ஏற மறுத்துட்டார். காரணம், அந்தக் கப்பலின் கேப்டன் தாமஸ் ஃப்ரீமேண்டிலும் அன்றைக்குக் கரையில் சண்டைக்குப் போயிருந்தார். அவருடைய இளம் மனைவி பெட்சி கப்பலிலேயே இருந்தார். கணவன் உயிரோடு இருக்கானான்னு தெரியாத பெண் முன்னாடி இந்தக் கோலத்தில் போய் நிற்க மாட்டேன், செத்தாலும் பரவாயில்லைன்னுட்டார். வலியில் அப்படி யோசிக்க ஒரு மனசு வேணும். இதை நான் பிறகு சொல்லப்போற சங்கதிகளோட சேர்த்து ஞாபகம் வெச்சுக்குங்க.

தன் சொந்தக் கப்பலான தீசியஸில் ஏறினார். தாமஸ் எஷல்பி என்ற மருத்துவர் கையை அறுத்து எடுத்தார். மயக்க மருந்து எல்லாம் 1846-க்குப் பிறகுதான் வந்தது. இங்கே அறுத்து முடிச்ச பிறகு கொஞ்சம் அபின், அவ்வளவுதான். கத்தியோட கூர்மையைவிட அதோட ஜில்லிப்புதான் நெல்சனுக்கு மறக்கலையாம். இனிமேல் தன் கப்பல்களில் கத்தியைச் சூடுபடுத்தி வெச்சுக்கணும்னு உத்தரவு போட்டார்.

சில நாளிலேயே இடது கையால் எழுதப் பழக ஆரம்பிச்சார். அந்தக் கோணல் எழுத்துக் கடிதங்கள் இன்னிக்கும் இருக்கு. மேலதிகாரிக்கு எழுதினதில் முழுக்க மனச்சோர்வு. தான் எல்லாருக்கும் பாரமாகிட்டேன், இடதுகைத் தளபதியை இனி எவனும் மதிக்க மாட்டான்கற தொனி. மனைவிக்கு எழுதினதில் வேற தொனி. கவலைப்படாதே, இந்த எழுத்தைப் பார்த்தாலே நான் தேறிட்டேன்னு தெரியும், உன் பையன்தான் என் உயிரைக் காப்பாத்தினான். ஒரே கையெழுத்து, ரெண்டு முகம். ஆபீசுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. 200 வருஷமாகியும் இது மாறலை.

செப்டம்பர் முதல் தேதி இங்கிலாந்து வந்து சேர்ந்தார். ரெண்டு நாளில் பாத் நகரத்தில் ஃபேனியும் மாமனாரும் தங்கியிருந்த வீடு. ஃபேனி பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க. 1793-ல் வழியனுப்பி வைத்தது ரெண்டு கை, ரெண்டு கண்ணோட போன 34 வயசு ஆளை. 1797-ல் திரும்பி வந்தது ஒரு கை, ஒரு கண், தலை நரைச்ச ஆள்.

இங்கே கொஞ்சம் மருத்துவ விளக்கம் தேவைப்படுது. அந்தக் காலத்தில் கையை அறுத்தால் ரத்தக்குழாய்களை நூலால் கட்டிவிட்டு, நூலின் நுனியை நீளமாக விட்டுக் காயத்துக்கு வெளியே தொங்கவிடுவார்கள். உள்ளே சதை அழுகி நூல் தானாகக் கழன்று வரணும். அது வந்தாத்தான் காயம் மூடும். சாதாரணமாக சில வாரத்தில் வந்துடும். நெல்சனுக்கு ஒரு நூல் வரவே இல்லை. ரத்தக்குழாயோடு நரம்பையும் சேர்த்துக் கட்டிட்டாங்கன்னு சந்தேகம். தினமும் கட்டைப் பிரிக்கணும், சீழைத் துடைக்கணும், நூலை லேசாக இழுத்துப் பார்க்கணும், வரலைன்னா புதுக் கட்டு. கிருமிங்கற விஷயமே மருத்துவ உலகத்துக்குத் தெரியாத காலம். லிஸ்டர் புண்களுக்கு கிருமிக்கொல்லி போட ஆரம்பிச்சது இதுக்கு 70 வருஷம் கழிச்சு. நரம்பைக் கட்டின நூலை இழுத்தா எப்படி இருக்கும்னு நான் விவரிக்க வேண்டாம்னு நினைக்கறேன்.

முதலில் மருத்துவர் வந்து கட்டு மாத்தினார். ஃபேனி பக்கத்தில் நின்று பார்த்துக் கத்துக்கிட்டு, பிறகு அந்த வேலையைத் தானே எடுத்துக்கிட்டார். ஃபேனி பயந்த சுபாவம்னு எல்லா வரலாற்றாசிரியரும் எழுதறாங்க. கணவரோட ஒவ்வொரு சண்டைக்கும் நடுங்கி, இனிமேல் எதிரிக் கப்பல் மேல ஏறற வேலையெல்லாம் மத்தவங்களுக்கு விட்டுடுங்கன்னு கடிதத்துல கெஞ்சின பெண்மணி. அந்த பயந்த சுபாவம்தான் தினமும் அந்தத் துணியைப் பிரிச்சுது.

வீட்டில் வேலைக்காரங்க இல்லையான்னு கேட்பீங்க. இருந்தாங்க. டாம் ஆலன் என்ற நார்ஃபோக் கிராமத்து ஆள் நெல்சனுக்கு நெடுநாள் பணியாள். அந்த வர்க்கத்து ஆம்பளைங்களுக்கு உடை மாட்டறதுக்கே ஆள் உண்டு. அந்த உடையும் லேசுப்பட்டதில்லை. காலைப் பிடிக்கிற அரைக்கால் சராய், முழங்காலில் பொத்தான், பட்டுக் காலுறை, கழுத்தைச் சுற்றி 'ஸ்டாக்' என்ற இறுக்கமான பட்டை, அதற்குப் பின்கழுத்தில் கொக்கி. தலைமுடியைப் பின்னாடி சடையாகக் கட்டணும். முகத்துக்கு மடக்குக் கத்தி. பாதுகாப்பு ரேசர் கடைக்கு வந்தது ரொம்பக் காலம் கழிச்சுத்தான். இதுல ஒத்தைக் கையால் செய்யக்கூடியது எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. பின்கழுத்துக் கொக்கி ஒண்ணு போதும், ஒரு தளபதியை நாற்காலியில் உட்கார வெச்சுத் தலையைக் குனிய வைக்க.

அந்த மாதங்களின் ஒரு சாட்சி இன்னும் நம்ம கண் முன்னாடி இருக்கு. 1797 இலையுதிர்காலத்தில் லெமுவல் அபட் என்ற ஓவியர் நெல்சனை உட்கார வைத்து வரைந்தார். அதைப் பார்த்து அவரே பல பிரதிகளும் வரைந்தார். அதில் ஒண்ணு லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கு. புத்தக அட்டைகளில் நாம பார்க்கிற நெல்சன் பெரும்பாலும் அபட்டின் நெல்சன்தான். மழித்த முகம், வாரிய தலை, கழுத்தில் ஒழுங்காகக் கட்டின கறுப்புப் பட்டை. எல்லாரும் அதில் வீரத்தைப் பார்க்கறாங்க. அவர் அப்போது தினமும் வலியில் துடிச்சுக்கிட்டு, ராத்திரி அபின் இல்லாமல் தூங்க முடியாமல் இருந்தவர். அந்த மழித்த முகமும் கழுத்துப்பட்டையும் அவர் ஒத்தைக் கையால் மட்டும் ஆகியிருக்காது.

செப்டம்பர் நடுவில் சிகிச்சைக்காக லண்டன் பாண்ட் தெருவில் வாடகைக்கு இடம் பிடிச்சுத் தங்கினாங்க. அங்கே ஒரு சம்பவம். அக்டோபர் 11-ல் கேம்பர்டவுன் என்ற இடத்தில் டச்சுக் கப்பற்படையை ஆங்கிலேயர் தோற்கடிச்சாங்க. செய்தி வந்ததும் ஊரெல்லாம் விளக்கு. விளக்கு வைக்காத வீட்டைக் கூட்டம் கல்லால் அடிக்கும். நெல்சன் தங்கியிருந்த வீடு இருட்டு. கதவைத் தடதடன்னு தட்டினாங்க. உள்ளேயிருந்து சொன்ன பதில், தளபதி நெல்சன் காயத்தோடு அபின் சாப்பிட்டுத் தூங்கறார் என்பது. கூட்டம் சத்தம் போடாமல் கலைஞ்சு போச்சாம். நெல்சனோட புகழுக்கு உதாரணமாத்தான் இதை எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்னவோ, நோயாளி இப்போதான் கண் அசந்தார்னு இருட்டில் மூச்சுப் பிடிச்சு உட்கார்ந்திருக்கிற அந்த வீடுதான் தெரியுது.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், கட்டு மாத்தும்போது நூல் வலியே இல்லாமல் கழன்று கையோடு வந்துடுச்சு. நாலு மாசத்துக்கும் மேல் உள்ளே கிடந்த நூல். புண் சில நாளில் ஆறியது. நெல்சன் லண்டன் ஹானோவர் சதுக்கத்து ஜார்ஜ் தேவாலயத்துக்கு ஒரு சீட்டு அனுப்பினார். கடுமையான காயத்திலிருந்து தேறிய ஓர் அதிகாரி இறைவனுக்கு நன்றி சொல்ல விரும்புகிறார் என்ற பொருளில். அந்தச் சீட்டில் ஃபேனி இல்லை. தப்பு சொல்லலை, கோயில் சீட்டில் சாமிக்குத்தான் நன்றி சொல்லுவாங்க.

ஆனா ஃபேனிக்கும் சொன்னார். அதுவும் சபையறிய. கடற்படை அமைச்சரின் மனைவி லவினியா ஸ்பென்சர் சீமாட்டி வீட்டில் 1798 வசந்தத்தில் விருந்து. அதிகாரிகளின் மனைவிமாரை அந்தம்மா அழைக்கிற வழக்கம் இல்லை. நெல்சன் தானே கேட்டு ஃபேனியைக் கூட்டிக்கிட்டு வந்தார். விருந்து முறைப்படி கணவன் மனைவி சேர்ந்து உட்காரக் கூடாது. அதையும் மீறி ஃபேனி பக்கத்தில் உட்கார்ந்தார். அவளோடு இருக்கறதே கொஞ்ச நாள், அதில் ஒரு நிமிஷத்தையும் விட மாட்டேன்னு காரணம் சொன்னார். என் காயத்துக்குக் கட்டுப் போட்டவள் இவள், இவள் கவனிப்புதான் என் உயிரைக் காப்பாத்தியதுன்னு அந்தச் சீமாட்டியிடமே சொன்னார். விருந்தாளிகளுக்கு அது புதுமாப்பிள்ளை மாதிரி இருந்திருக்கணும். கல்யாணமாகி 11 வருஷம்.

இங்கே நிறுத்தியிருந்தா இது ஆனந்த விகடன் ஜோக்குக்குக் கீழே போடற நல்ல குட்டிக்கதை. ஆனா வரலாறு நம்ம சௌகரியத்துக்கு நிக்கறதில்லையே.

ஏப்ரலில் வான்கார்ட் கப்பலில் புறப்பட்டார். ஃபேனிதான் பெட்டி கட்டினார். கப்பலிலிருந்து வந்த முதல் கடிதங்களிலேயே குறை. பட்டியலில் இருக்கற சாமான் பெட்டியில் இல்லை. கறுப்புக் கழுத்துப்பட்டையும் கொக்கியும் காணோம். ஒப்பனை மேசைச் சாவி வரலை. கொக்கியைத் துறைமுகத்தில் புதுசா வாங்கிட்டேன். வாசிச்சா அல்பமா இருக்கும். ஆனா பாருங்க, காணாமல் போன சாமானெல்லாம் எது? கழுத்துப்பட்டை, கொக்கி, ஒப்பனை மேசை. அதாவது எட்டு மாசமா அவர் கழுத்தடியில் தானாக வந்து சேர்ந்துகொண்டிருந்த பொருட்கள். தானாக வரலைன்னு தெரியறதே அது வராம போனப்புறம்தான்.

அப்புறம் நைல். 1798 ஆகஸ்ட் 1. நெற்றியில் காயம். வெற்றி வீரராக நேப்பிள்ஸ் வந்து இறங்கினார். ஆங்கிலத் தூதர் வில்லியம் ஹாமில்டனின் மாளிகையில் தங்கல். தூதரின் மனைவி எம்மா அவரைப் படுக்க வைத்துக் கழுதைப்பால் கொடுத்துத் தேற்றினார். இந்தப் பணிவிடை பாட்டு, விருந்து, வாணவேடிக்கையோடு வந்தது. செப்டம்பர் 29-ல் அவருடைய 40-வது பிறந்தநாளுக்கு நேப்பிள்ஸே திரண்டது. மிச்சக் கதை உலகத்துக்கே தெரியும், சினிமாவே எடுத்தாச்சு.

1800 நவம்பரில் நெல்சன் இங்கிலாந்து திரும்பினார், ஹாமில்டன் தம்பதியோடு. எம்மா அப்போது நெல்சனின் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். மறுபடி அதே ஸ்பென்சர் சீமாட்டி வீட்டு விருந்து. நெல்சன் யாரிடமும் பேசலை. ஃபேனி எதிரே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் வாதுமைக்கொட்டை வந்தது. அக்ரூட்னு நம்ம ஊர்க் கடையில் சொல்வாங்களே, அது. அதை உடைச்சுத் தோல் உரிக்க ரெண்டு கை வேணும். ஃபேனி சிலதை உரிச்சு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மேசைக்குக் குறுக்கே நீட்டினார். நெல்சன் அதை முரட்டுத்தனமாகத் தள்ளிவிட்டார். கிண்ணம் இன்னொரு பாத்திரத்தில் மோதி உடைஞ்சுது. ஃபேனி அழுதுட்டார். ஸ்பென்சர் சீமாட்டி சொல்லக் கேட்டு ஷெல்லி சீமாட்டி எழுதி வைத்த சம்பவம் இது.

இந்த இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் எங்கேயிருந்து வந்தது? குற்ற உணர்ச்சி ஒரு காரணம், சந்தேகமே இல்லை. ஆனா அது மட்டும்தானா? என் கணக்கு இப்படிப் போகுது. ஃபேனி அன்றைக்குப் புதுசா ஒண்ணும் செய்யலை. 1797-ல் செய்ததையே செய்தார். அவருக்குத் தெரிஞ்ச நெல்சன் அந்த நாலு மாசத்து நெல்சன்தான். கட்டைப் பிரிக்கும்போது பல்லைக் கடிச்ச மனுஷன். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்ததோ நைல் நதியின் வீரர். அவருக்கு அந்தப் பழைய நோயாளியைப் பார்க்கவே பிடிக்கலை. உரித்த கொட்டை, ஊர்ப் பெரியவங்க நடுவில், "உங்களால் இதை உடைக்க முடியாது, எனக்குத் தெரியும்"னு சொல்லிடுச்சு.

நம்மைத் தூக்கிவிட்டவங்களைப் பார்க்கும்போது ரெண்டு விதமா ஞாபகம் வரலாம். தூக்கின கை ஞாபகம் வரலாம், இல்லை விழுந்து கிடந்தது ஞாபகம் வரலாம். ரெண்டாவது மட்டும் வர ஆரம்பிச்சா அந்த உறவு பிழைக்கறது கஷ்டம். உயிர் காத்த கட்டைப் போட்ட ஜோசையாவோடும் பின்னாளில் நெல்சனுக்கு உறவு கசந்துதான் போச்சு.

இது விதின்னும் சொல்லிட முடியாது. அந்த சீஹார்ஸ் கப்பலுக்குத் திரும்பிப் போவோம். அதே இரவில், அதே சண்டையில், ஃப்ரீமேண்டிலுக்கும் வலது கையில்தான் குண்டு. கை போகலை, ஆனா புண் ஆறப் பல மாசம் ஆச்சு. நெல்சனும் அவரும் அதே சீஹார்ஸில்தான் ஊர் திரும்பினாங்க. கப்பலில் பெட்சிதான் கணவரைப் பார்த்துக்கிட்டார். வயசு 19, கல்யாணமாகி ஏழு மாசம். முதல் குழந்தை 1798 மார்ச்சில் பிறந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தா அந்தப் பயணத்தில் அவர் கர்ப்பிணி. (அவங்க கல்யாணம் நடந்தது நேப்பிள்ஸில், எம்மா ஹாமில்டன் வீட்டில்! வரலாற்றுக்குக் குசும்பு அதிகம்.) பெட்சி சின்ன வயசிலிருந்து எழுதின நாட்குறிப்பு 20-ம் நூற்றாண்டில் புத்தகமா வந்திருக்கு. ஃப்ரீமேண்டில் தேறி, கோபன்ஹேகனிலும் டிரஃபால்கரிலும் நெல்சனோடு சேர்ந்து சண்டை போட்டார். ஒன்பது குழந்தைங்க. 1819-ல் அவர் சாகும்வரைக்கும் அந்தக் குடும்பம் நின்றது. அவருக்குச் சிலை தூண் எதுவும் டிரஃபால்கர் சதுக்கத்தில் இல்லை.

ஃபேனியும் நெல்சனும் 1801 தொடக்கத்தில் பிரிந்தார்கள். பணத்தில் நெல்சன் குறை வைக்கலை, தாராளமாகவே கொடுத்தார். அந்த வருஷம் டிசம்பரில் ஃபேனி கடைசியாக ஒரு கடிதம் எழுதினார். பழசையெல்லாம் மறந்துடலாம், வசதியான வீடு தயாரா இருக்கு, வாங்கங்கற பொருளில். கடிதம் திரும்பி வந்தது. நெல்சனின் காரியங்களைக் கவனித்த அலெக்சாண்டர் டேவிசன் அதன்மேல் குறிப்பு எழுதியிருந்தார்: தவறுதலாகப் பிரிக்கப்பட்டது, படிக்கப்படவில்லை என்று. அந்தக் கட்டுத்துணியைப் பிரிச்ச கைக்கு இது பதில்.

1805 அக்டோபரில் நெல்சன் டிரஃபால்கரில் இறந்தார். ஃபேனிக்கு வருஷத்துக்கு 2000 பவுண்டு உதவித்தொகை வந்தது. எம்மாவுக்கு அரசாங்கம் ஒண்ணும் கொடுக்கலை. 1815-ல் பிரான்சில் கலே நகரத்தில் கடனோடு செத்துப்போனார். ஃபேனி 1831 வரை இருந்தார். கடைசிவரை கணவரைப் பற்றி வெளியில் ஒரு குறை சொல்லலைங்கறாங்க. டெவன் கடற்கரையில் எக்ஸ்மத் ஊர்ப் பக்கம் லிட்டில்ஹாம் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கு.

அப்போ ஃபேனி செய்ததெல்லாம் வீணான்னு கேட்டா, நான் வீண்னு சொல்ல மாட்டேன். பணிவிடையை நாம பேங்க் டெபாசிட் மாதிரி நினைச்சுக்கறோம். போட்டா வட்டியோட அன்பா திரும்ப வரணும். அது அப்படி வேலை செய்யறதில்லை. தினமும் கட்டு மாத்தினா தினமும் ஒரு மனுஷனுக்கு வலி கொஞ்சம் குறையும். அது அன்னிக்கே முடிஞ்சுபோற கணக்கு. அன்னிக்கே லாபம் வந்தாச்சு. 1797 டிசம்பரில் அந்தப் புண் ஆறலைன்னா 1798-ல் நைல் இல்லை, 1805-ல் டிரஃபால்கர் இல்லை, அந்த 52 மீட்டர் தூணும் இல்லை.

கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் நெல்சன் டிரஃபால்கரில் போட்டிருந்த கோட்டு இருக்கு, தோளில் குண்டு துளைச்ச ஓட்டையோட. எல்லாரும் அந்த ஓட்டையைத்தான் பார்ப்பாங்க. வலது சட்டைக்கை நுனியில் ஒரு சின்னக் கறுப்பு வளையம் தைச்சிருக்கும். காலிக் கை தொங்காமல் மார்புப் பொத்தானில் மாட்டறதுக்கு. ஒத்தைக் கையாலேயே மாட்டிக்கலாம். எட்டு வருஷத்தில் தளபதி அந்த ஒரு வேலைக்காவது யாரையும் எதிர்பார்க்க வேண்டாத நிலைக்கு வந்துட்டார்.

ஆனா நகம்? அதை எந்த வளையமும் வெட்டாது.